ஒன்றரைக்குள் வண்டிக்கு

பத்தொன்பது வருஷம்,
வாரத்துக்கு நான்கு தடவை,
தொலேதோ போய்த் திரும்பியிருக்கிறேன்.
ஊரைப் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த தொலேதோ
மலையடியில் ஒரு வண்டி நிறுத்துமிடம்.
சில்லறையை விழுங்கிவிட்டுச் சும்மா நிற்கும் காப்பி இயந்திரம்.
ஆட்களை மேலே அள்ளிக்கொண்டு போகும்
நகரும் படிக்கட்டின் முதல் படி.
நாற்பத்தெட்டுப் பேரை இறக்கிவிட்டு
"ஒன்றரைக்குள் வண்டிக்கு வந்துவிடுங்கள்" என்று
ஆறு மொழிகளில் சொல்லத் தெரியும்.
ஏழாவது மொழியில்
திட்ட மட்டும் தெரியும்.

பிப்ரவரியோடு வேலை முடிகிறது.
மார்ச்சில் அங்கே இரண்டு இரவு தங்கலாம் என்றேன்.
கேஸ் பில்லின் பின்பக்கத்தில் லெயாந்த்ரோ
பதினான்கு இடங்களை எழுதிவிட்டார்,
ஒவ்வொன்றுக்கும் நேரே நிமிடம் போட்டு.
மீன் சந்தையில் எடை போட்ட மனுஷன்.
நிறுக்காமல் எதையும் தொடமாட்டார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன்.

கோட்டை வேண்டாம்.
முன்கண்ணாடியில் பூச்சிகளோடு சேர்த்து
அதைத்தான் இத்தனை வருஷம் பார்த்தேன்.
வாள் பட்டறை எதற்கு?
நம் வீட்டில் வெங்காயக் கத்தியே சாணை பார்த்ததில்லை.
பேராலயம் இருக்கட்டும்,
ஆனால் நாற்பது நிமிடம் இல்லை, ஒரு காலைப்பொழுது.
வெளிச்சுவரை ஒரு சுற்று.
கால் சரி என்றால் உள்ளே.

ரயிலில் அரைமணி நேரம்தான் என்றார்.
அதனால்தான் வேண்டாம் என்றேன்.
பேருந்து. கடைசி வரிசை.
வேறு யாராவது பிரேக் போடட்டும்.

"அப்புறம் என்னதான் பார்ப்பது, நியேவெஸ்?"

அவரிடம் சொல்லவில்லை.
ஒரு நவம்பரில்
மோந்தெவிதேயோ பல் வைத்தியர் ஒருவர்,
எச்செபாரெ என்று பட்டியலில் பெயர்,
நாற்பது நிமிடம் தாமதமாக இறங்கி வந்தார்.
கையில் மார்சிபான் பெட்டிகூட இல்லை.
"ஒரு சந்தில், யாரோ வீட்டு ஜன்னலுக்குள்
பூண்டு வதங்கிக்கொண்டிருந்தது, சேஞோரா.
என்ன சமைக்கிறார்கள் என்று தெரிகிறவரை
நின்றுவிட்டேன்."
நாற்பத்தேழு பேர் முன்னால்
அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன்.
தலையாட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.
பெல்ட் மாட்டும் சத்தம்கூடக் கேட்டது.

என்ன சமையல் என்று
நான் கேட்கவில்லை.
மத்ரித் வரை ஒரு மணி நேரம் இருந்தது கேட்க.

ஆக, திட்டம்:
முதல் நாள் போய்ச் சேர்வது. அவ்வளவுதான்.
இரண்டாம் நாள் பன்னிரண்டுக்கு மேல்,
அடுப்புகள் பற்றிக்கொள்கிற நேரத்தில், சந்துகள்.
எந்தச் சந்து என்று தெரியாது.
லெயாந்த்ரோவின் மூக்கை நம்பிப் பயனில்லை,
அவருக்கு எல்லாமே மீன்தான்.
முழங்கால் மக்கர் செய்தால் யார் வீட்டுப் படியிலாவது உட்காரலாம்.
மூன்றாம் நாளைக் காலியாக விட்டிருக்கிறேன்.
அதில் அவர் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அதை மட்டும் நான் அடிக்கவில்லை.

ஒன்றரை மணிக்கு என்ன செய்வதென்றுதான் புரியவில்லை.
கை தானாக ஸ்டியரிங்கைத் தேடும்.
கீழே ஒரு வண்டி உறுமிக்கொண்டிருக்கும்,
எவளோ ஒருத்தி தலைகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.
பெட்டியும் பையுமாக
யாராவது எங்களை இடித்துக்கொண்டு ஓடுவார்கள்.
அவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும்:
மெதுவாகப் போங்கள், கல் வழுக்கும்.
அவள் கத்துவாள்.
விட்டுவிட்டுப் போகமாட்டாள்.

நான் யாரையும் விட்டுவிட்டுப் போனதில்லை.
ஒரே ஒரு தடவை தவிர.
அந்தப் பையன் பிறகு
நன்றி என்று ஒரு கார்டு போட்டிருந்தான்.